இரண்டு பேரை அனுப்பும் வழக்கம்

1

ஊரிலிருந்து தொலைபேசியில் கதைப்பவர்கள் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், "கொம்பனி வேலை" என்று சொல்லிவிட்டு அங்கே மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவேன். மொன்றியலுக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பத்திரண்டு வருடம். உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறேன். தையல் ஆலையில் பொத்தான் தைத்திருக்கிறேன். கோழி வெட்டும் இடத்தில் விறைத்துப்போய் நின்றிருக்கிறேன். அதெல்லாம் சொன்னால் விளங்கும். இப்போது செய்யும் வேலையைத்தான் விளங்கப்படுத்துவது கஷ்டம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு மற்றவர்களின் பழைய காகிதங்களை ஸ்கான் பண்ணுகிறேன்.

"இதுக்கும் சம்பளம் தாறாங்களோ?" என்று கொழும்பில் இருக்கும் மைத்துனர் ஒருமுறை கேட்டார். தருகிறார்கள். தூசி தட்டி, கண்ணாடியில் வைத்து, படம் எடுத்து, அந்தத் தாளில் யார் யாருடைய பெயர்கள் வருகின்றன என்று கணினியில் பதிய வேண்டும். குளிர் இல்லை, யாரும் கத்துவதில்லை. மேற்பார்வையாளர் லூசி காலையில் "போன்ஜூர்" சொன்னால் மாலையில்தான் அடுத்த வார்த்தை பேசுவார். அறுபதை நெருங்கும் எனக்கு அது பெரிய சுகம்.

சென்ற மாதம் ஒரு வயோதிபர் ஐந்து பெட்டிகளோடு வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். நான் தூக்க வந்தும் விடாமல் ஒவ்வொன்றாகத் தானே தூக்கிவந்து மேசையில் வைத்தார். உள்ளே இருப்பது அவருடைய முன்னோரின் காகிதங்கள். முன்னோர் பதினெட்டாம் நூற்றாண்டில், கரீபியன் கடலில் டொர்டோலா என்ற சின்னத் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த குவேக்கர்கள்.

"குவேக்கர் என்றால் தெரியுமா?" என்று கேட்டார்.

ஓட்ஸ் கஞ்சிப் பெட்டியில் தொப்பியோடு சிரிக்கும் மனிதரைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றேன். அவருக்கு அது புதிய பகிடி இல்லை. இருந்தாலும் சிரித்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

கிறிஸ்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்குக் குருவானவர் கிடையாது, பலிபீடம் கிடையாது. வெறும் அறையில் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல்ல வந்தால் எழுந்து சொல்லலாம். ஒருவரையொருவர் நண்பர் என்றுதான் அழைப்பார்கள். அரசனே வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். சண்டைக்கென்று துவக்கு எடுக்க மாட்டார்கள். அதற்காகத் தீவுகளில் தண்டமும் சிறையும் பட்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் சத்தியமும் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவன் எதற்குத் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர்களின் கேள்வி.

"நீங்கள் நீதிமன்றம் போனால் வேதப் புத்தகத்தைத் தொடாமல் உறுதி கூறலாம் அல்லவா? அது நாங்கள் அடம்பிடித்து வாங்கித் தந்தது" என்றார்.

அப்படி உறுதி கூறி நானும் ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். துவக்கைத் தொடவே மாட்டோம் என்று நின்ற மனிதர்கள்மேல் அந்த நேரத்திலேயே எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

2

முதற்பெட்டியில் இருந்தது அவர்களின் மாதாந்தக் கூட்டக் குறிப்பேடு. எழுத்து பழகுவதற்கு ஒரு கிழமை சென்றது. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். மொன்றியலில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை நான் இரண்டு வருடம் எழுதியவன். அதனால் ஒரு கூட்டம் எதை எழுதும், எதை விழுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

இவர்கள் எழுதியது எல்லாம் நடத்தை பற்றி. ஒருவர் கூட்டத்தில் நித்திரை கொள்கிறார். ஒருவர் றம் கூடுதலாகக் குடிக்கிறார். ஒருத்தி சரிகை வைத்த உடுப்புப் போடுகிறாள். எல்லாவற்றிலும் பெரிய குற்றம், சபைக்கு வெளியே கலியாணம் முடிப்பது. அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். பிழைவிட்டவரின் வீட்டுக்கு இரண்டு நண்பர்களை அனுப்புவார்கள். அவர்கள் அன்பாகக் கதைத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் வந்து அறிக்கை சொல்ல வேண்டும். மனம் மாறாவிட்டால் திரும்பவும் அனுப்புவார்கள். அப்போதும் சரிவராவிட்டால், இன்னார் இனி எங்களைச் சேர்ந்தவர் அல்ல என்று எழுதிவிடுவார்கள்.

ஹன்னா என்ற பெட்டை கப்பல் தச்சன் ஒருவனை, குருவானவர் முன்னிலையில் கலியாணம் முடித்துவிட்டாள். இரண்டு பேர் போனார்கள். வந்தார்கள். திரும்பவும் போனார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை.

இரண்டாவது பெட்டியில் ஹன்னாவின் தகப்பனுடைய மரண சாசனம் இருந்தது. தொப்பி கழற்றாத, துவக்குத் தொடாத அதே மனிதர். கரும்பு ஆலை, பாணி காய்ச்சும் செப்புக் கிடாரங்கள், எருதுகள், அதற்கு அடுத்த வரியில் மனிதர்கள். ஒற்றைப் பெயர்கள். சிலருக்குப் பக்கத்தில் நொண்டி, கிழவி என்று குறிப்பு. ஒரு தாய் மூத்த மகனுக்கு, அவளுடைய குழந்தை இளைய மகனுக்கு.

நான் திரும்பவும் முதற்பெட்டிக்குப் போய்க் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தேன். அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தத் தகப்பனிடம் யாரும் இரண்டு பேரை அனுப்பவில்லை.

சில குவேக்கர்கள் பிற்காலத்தில் தங்கள் அடிமைகளை விடுதலை செய்தார்கள், காணியும் கொடுத்தார்கள் என்று அந்த வயோதிபர் சொல்லியிருந்தார். உண்மையாக இருக்கலாம். இந்தக் குடும்பத்தின் பெட்டிகளில் அப்படி ஒரு தாளையும் நான் காணவில்லை.

3

அன்று ரொக்ஸ்பரோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நல்ல கோபம். சோற்றைப் பிசைந்தபடி மனைவி ரஞ்சினிக்கும் மகள் மதுவுக்கும் முழுவதையும் சொன்னேன். மதுவுக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழ் விளங்கும். பதில் வருவது பிரெஞ்சில். அதுவும் நாளுக்கு நாள் குறைந்து, இப்போது பெரும்பாலும் தலையாட்டல்தான். அன்று அவள் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டதில் எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது.

"துவக்குத் தூக்கிறது பாவமாம். ஆனா மனிசரை மாடு மாதிரி எழுதி வைப்பினமாம்" என்றேன். "அது கூட்டத்துக்குக் கதையில்லை. ஆனா ஒரு பெட்டை தனக்குப் பிடிச்சவனைக் கட்டினவுடனை ரெண்டு பேரை அனுப்பிக் கதைச்சு, பேந்து தள்ளி வைச்சிட்டினம். என்ன சனங்களடா!"

மது தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கொம் வாசுகி மாமி?"

வாசுகி மாமியைப் போலவா என்று கேட்கிறாள். வாசுகி என் தங்கை. மது கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு படம் ஆல்பத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு மது அவளைப் பார்த்ததில்லை. குத்திக்காட்டும் குரல் இல்லை அது. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அது வேறை" என்றேன்.

"வேறை எண்டா எப்பிடி?" என்று இந்தத் தடவை தமிழிலேயே கேட்டாள்.

"அவை... அவள் கட்டின பக்கம் எங்கட ஆக்கள் இல்லை."

"தமிழ் ஆக்கள் இல்லையா?"

"தமிழ்தான்."

"அப்ப என்ன ஆக்கள்?"

பிள்ளைக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்த்துவிட்டேன் என்று எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது, என்னிடம் அவள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் என்று அந்த மேசையில் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"சோத்தைச் சாப்பிடு, மது" என்று அதட்டினேன்.

"அவள் பிழையாய் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் ரஞ்சினி.

4

இனி எழுதாமல் விட முடியாது. எங்கள் வளவில் வெங்காயம் நட, பாத்தி கட்ட ஆட்கள் வருவார்கள். பின்படலையால் வந்து பின்படலையால் போவார்கள். பொன்னி என்று ஒரு பெண். என் தாயைவிட மூத்தவர். பத்து வயதில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர் என்னைச் சின்ன நயினார் என்பார். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஒரு கதை சொல்லுவார். இதில் பனையும் கிணற்றுப் பங்கும்தான் எழுதியிருக்கிறது, இதற்கு முந்தைய ஓலையில் ஆட்களும் இருந்தார்கள் என்பார். அவர் அதைத் துக்கமாகச் சொல்லவில்லை. நானும் துக்கமாகக் கேட்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு வாசுகி தனியாக இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்கு நான்தான் சாட்சி. சாக்லேட் நிறக் கம்பளம் விரித்த சின்ன அறை. தலைமை தாங்கியவர், புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறீர்களா, உறுதி கூறுகிறீர்களா என்று கேட்டார். அங்கே பகவத்கீதை இருக்கவில்லை. உறுதி கூறினேன். உறவு என்ற இடத்தில் சகோதரன் என்று பிரெஞ்சில் எழுதியிருந்ததை விரலால் காட்டி, சரியா என்றார். இவர் எங்கே தங்குவார் என்று கேட்டார்.

"என்ரை வீட்டிலை. அவ விரும்புமட்டும்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது வாசுகி அழுதாள்.

நாலு வருடம் எங்களோடு இருந்தாள். பாண் பேக்கரி ஒன்றில் வேலை செய்தாள். அங்கே வேலை செய்த செல்வம் என்பவரைக் கலியாணம் முடிக்கப்போகிறேன் என்றாள். செல்வத்தின் ஊர் எங்கள் ஊரிலிருந்து பத்து மைல். என்ன ஆக்கள் என்று விசாரிக்க இரண்டு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்தது. பொன்னியின் ஆட்கள். நான் வீட்டில் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். வாசுகி ஒரு பையோடு போய், கலியாண எழுத்தையும் முடித்துவிட்டாள். பதிவு முடிந்ததே தவிர, தாலி இன்னும் ஏறவில்லை. தாலிக்கு முன்னர் கதைத்துத் திருப்பிவிடலாம் என்பது எங்கள் ஊர்ச் சங்கத்தின் எண்ணம். தலைவர் சிவலிங்கத்தாரும் நானும் போவதென்று முடிவானது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே கையை உயர்த்தினேன்.

கார்ட்டியர்வில்லில் ஒரு நிலக்கீழ் வீடு. வாசுகி கதவைத் திறந்தாள், கதிரையைத் துடைத்துப் போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள். சிவலிங்கத்தார், "இப்பதான் குடிச்சிட்டு வாறம், பிள்ளை" என்றார். நானும் தலையாட்டினேன். நாங்கள் எதையும் குடித்துவிட்டு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக் கோப்பையில் ஏன் வாய் வைக்கவில்லை என்பதும் தெரியும்.

"எழுத்து எண்டது வெறும் கடதாசி" என்றார் அவர். "வக்கீலைப் பிடிச்சா ரத்தாக்கிப் போடலாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணை, இந்த நாட்டுக்குள்ளை என்னை இருக்க விட்டதும் ஒரு கடதாசிதான். அதையும் ரத்தாக்கச் சொல்லுவியளோ?"

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் சிவலிங்கத்தார், "கதைச்சுப் பாத்தம், சரிவரேல்லை" என்று அறிக்கை சொன்னார். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினவன் நான். அதோடு தொடர்பு அறுந்து பத்தொன்பது வருடம். ரொக்ஸ்பரோவிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரே பஸ். அரை மணித்தியாலம்கூட இல்லை. அவளுக்கு மகன் பிறந்ததை யாரோ கோயிலில் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

5

மதுவின் கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் குறிப்பேட்டைத் தொடாமல் வேறு பெட்டிகளைச் செய்தேன். ஆனால் விட்ட இடத்திலிருந்து முடித்தாக வேண்டும். பெயர்களைப் பதிவதற்காக ஹன்னாவின் பக்கங்களைத் திரும்பவும் ஒவ்வொரு வரியாக வாசித்தபோதுதான், முதல் வாசிப்பில் தவறவிட்ட ஒன்றைக் கண்டேன்.

முதலிரண்டு தடவையும் அவளிடம் போன இருவரில் ஒருவர், மூன்றாவது தடவை போகவில்லை. என் மனம் இதில் இலேசாக இல்லை, என்னை இந்தக் கடமையிலிருந்து விடுங்கள் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார். கூட்டம் அதை எழுதிவிட்டு, அவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பியது. அவ்வளவுதான். அவர் எழுந்து சண்டை பிடிக்கவில்லை. அவரும் கரும்புத் தோட்டக்காரர்தான், அவருடைய வீட்டிலும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் இருந்திருப்பார்கள். அவரைப் பெரிய மனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும், நான் போகவில்லை என்று சொல்லலாம், சொன்னால் உலகம் இடிந்துவிடாது என்பதை அந்த மனிதர் செய்து காட்டியிருக்கிறார். எனக்கு அந்த யோசனையே வரவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

"சா வா?" என்று லூசி கேட்டார். சுகமா என்று அர்த்தம். மாலையாவதற்கு முன்பே அவர் வாய் திறந்ததென்றால் என் முகம் எப்படி இருந்திருக்க வேண்டும்! அரைநாள் விடுமுறை வேண்டும், எந்த நாள் என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் ரஞ்சினியிடம் வாசுகியின் முகவரியை எப்படியாவது எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டில் மனப்பாடமாக எழுதித் தந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து மட்டை அனுப்பியிருக்கிறாள், இடைக்கிடை தொலைபேசியிலும் கதைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடம் என் வீட்டில் என் கண்ணுக்கு முன்னால் ஒருத்தி முத்திரை ஒட்டியிருக்கிறாள்.

6

இப்போது அவர்கள் இருப்பது அதே பகுதியில், இரண்டாம் மாடியில். வாசுகி கதவைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி, முன்மயிர் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நான் செய்தது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே வரச் சொல்லுவாள் என்றும் நினைத்திருந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்டைக்கும் அவர் வேலைக்குப் போன நேரம் பாத்துத்தான் வந்தனீங்கள். சிவலிங்கத்தார் பேக்கரிக்கு ரெலிபோன் எடுத்து விசாரிச்சவர் எண்டு பேந்துதான் எங்களுக்குத் தெரியும். இண்டைக்கும் அவர் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கிறியள்."

அரைநாள் கிடைத்தது இன்றைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். புதன்கிழமைகளில் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று முகவரி தந்தபோதே ரஞ்சினி சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. லூசியிடம் புதன்கிழமையைக் கேட்டதும் அதனால்தான்.

"ஓம்" என்றேன்.

"நீங்கள் தள்ளி வைச்சது என்னையில்லை, அண்ணை. நான் உங்கட தங்கச்சி, என்னை எப்பவோ ஒருநாள் கூப்பிட்டிருப்பியள். தள்ளி வைச்சது அவரை. பிழை எண்டு சொல்லுறதெண்டா அவரிட்டைச் சொல்லுங்கோ. சனிக்கிழமை வீட்டிலைதான் நிப்பார்."

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

7

சனிக்கிழமை காலை ரஞ்சினி குளிருடுப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். ரெண்டு பேராய்ப் போகேலாது. தனியப் போறன்."

அவளுக்கு விளங்கியது. மது தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போனது. வழி முழுக்க, கதவைத் திறக்கப்போகும் மனிதரின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. நான் அவரை ஒருநாளும் கண்டதே இல்லை. கண்டதே இல்லாத ஒருவரைப் பத்தொன்பது வருடம் வெறுப்பதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என்னைவிடக் கட்டை, வழுக்கை, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். பேக்கரி அடுப்புச் சுட்ட தழும்புகள் இரண்டு கையிலும் இருந்தன. பின்னால் வாசுகி தெரிகிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"ஆர் வேணும்?" என்றார்.

"உங்களைத்தான் பாக்க வந்தனான்."

"என்னையோ? நீங்கள் ஆர்?"

"வாசுகியின்ரை அண்ணன்."

அவர் முகத்தில் மாற்றம் ஒன்றும் வரவில்லை. "அவவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் எண்டு தெரியும்" என்றார். "உங்கட பேர் என்ன?"

உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா, என் வாயால் வரட்டும் என்று கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. இரண்டுமே நியாயம்தான். குணரத்தினம் என்று சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, என்மேலிருந்து கண்ணை எடுக்காமல், உள்பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"வாசுகி, குணரத்தினம் எண்டு ஒருத்தர் வந்திருக்கிறார். என்னைப் பாக்கத்தானாம்."